'வெற்றர்', 'ட்றையர்': எதைவிட என்று கேட்போம்



காலநிலை அறிக்கைகளிலும் உதவி நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்களிலும் 'வெற்றர்', 'ட்றையர்' என்ற இரு ஆங்கிலச் சொற்களைக் காண்கிறோம். முன்னது 'கூடுதலாக ஈரமான' என்றும், பின்னது 'கூடுதலாக உலர்ந்த' என்றும் பொருள்படும். இவற்றைப் பிழையாக விளங்கிக்கொண்டால் விதையும் உழைப்பும் வீணாகிவிடும். ஆகவே இப்பாடத்தில் இவற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1. சொல்லின் அமைப்பு

'வெற்' என்றால் ஈரமான. 'ட்றை' என்றால் உலர்ந்த. இத்தகைய சிறிய சொற்களின் இறுதியில் 'ஈ, ஆர்' என்ற எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் ஒப்பிடுவர். அப்போது 'வெற்' என்பதன் கடைசி 'ரீ' இரட்டிக்கும். 'ட்றை' என்பதன் கடைசி 'வை', 'ஐ' ஆக மாறும். தமிழில் சொல் இவ்வாறு மாறுவதில்லை. 'மேட்டுக் காணியைவிடப் பள்ளக் காணி ஈரம்' என்கிறோம். நமது 'விட' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'தன்' என்ற சொல் செய்கிறது. பல வசனங்களில் அந்தச் சொல் விடுபட்டிருக்கும். அவ்விடத்தில் 'எதைவிட?' என்று நாமே கேட்க வேண்டும்.

2. நெல்லில்

களஞ்சியப்படுத்தும் நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. 20 வீதமாக இருந்த நெல் வெயிலில் காய்ந்து 17 வீதத்துக்கு வந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அது 'ட்றையர்' என்பது சரி. 'ட்றை' என்பது பிழை. அதைச் சாக்கில் கட்டி அடுக்கினால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். (நெல் உலர்த்தும் இயந்திரத்தையும் 'ட்றையர்' என்பர். இடமறிந்து பொருள் கொள்க.)

3. மழையில்

அறிக்கைகள் 'வழமையைவிட' என்று கூறும்போது, பொதுவாக 30 வருடச் சராசரியையே கருதுகின்றன. ஆடி மாதத்தில் வழமையாக 20 மில்லிமீற்றர் மழை பெறும் இடத்தில் 30 மில்லிமீற்றர் பெய்தாலும் 'வெற்றர்' என்றே எழுதுவர். அதை நம்பி நெல் விதைக்க முடியுமா? மறுபுறம், கார்த்திகை நமக்குப் பெருமழைக் காலம். அம்மாதம் 'ட்றையர்' என்று அறிவித்தாலும் பள்ளக் காணியில் வெள்ளம் நிற்கலாம். வாய்க்காலைத் துப்புரவு செய்யாமல் விடக் கூடாது.

4. மண்ணில்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் வடமராட்சியில் தங்கின. செம்மண்ணில் பழகிய கைக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையோர மணல் புதியது. இரண்டு மண்ணுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டாலும் மணலே முதலில் 'ட்றையர்' ஆகும். நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. அதற்காக ஒரே தடவையில் அதிகம் இறைப்பதால் பயனில்லை. மிகுதி நீர் பசளையையும் கரைத்துக்கொண்டு கிணற்று நீரோடு சேரும். கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீருக்குக் கீழுள்ள உவர்நீர் மேலெழும். எனவே மணலுக்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி இறைக்க வேண்டும்.

ஈரம் பார்க்க ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். ஈரச் செம்மண் உருண்டையாகும். மணல் ஈரமாக இருந்தாலும் எளிதில் உதிரும். ஆகவே மணலை மணலோடுதான் ஒப்பிட வேண்டும். இறைத்த மறுநாள் மணல் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

பயிற்சி (வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்க)

அ. 16 வீத ஈரப்பதனுள்ள நெல் 18 வீத நெல்லைவிட எப்படிப்பட்டது? அதைக் களஞ்சியப்படுத்தலாமா?
ஆ. 'இவ்வாண்டு ட்றையர்' என்று ஒருவர் கூறினால் அவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை? (எதைவிட? எந்த மாதங்களில்? எந்தப் பகுதியில்?)
இ. உங்கள் தோட்டத்தில் மிக விரைவாகக் காயும் பாத்தி எது? ஏன்?