வெரோனாவின் ஏணிக்கொடி

இத்தாலி நாட்டின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலையினின்று இழிந்து வரும் ஆடிஜே ஆறு வளைந்து பாயும் இடத்தில் அமைந்தது வெரோனா நகரம். ஜெர்மானிய நாட்டிலிருந்து மலைக் கணவாய் வழியாக இத்தாலிக்கு வரும் வணிகர்க்கு அது ஒரு தலைவாயிலாக விளங்கியது. கம்பளித் துணி நெசவும் வாணிகமும் அந்நகரில் செழித்தன. ஆனால், செல்வம் இருந்த அளவிற்கு அங்கே அமைதி இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வட இத்தாலிய நகரங்கள் பல தம்மைத் தாமே ஆண்டுவந்தன. அவற்றுள் ஒரு சாரார் போப்பாண்டவரின் பக்கம் நின்றனர். மற்றொரு சாரார் ஜெர்மானியப் பேரரசரின் பக்கம் நின்றனர். ஒரே நகரில் வாழ்ந்த குடும்பங்களே இரு கட்சியாகப் பிரிந்து போரிட்டன. இக்குழப்பத்தைத் தனக்கு வாய்ப்பாகக் கொண்டு வெரோனாவை அடக்கி ஆண்டவன் எட்சலினோ என்பான். அவனது கொடுமை இத்தாலி முழுவதும் அறிந்த ஒன்று. 1259ஆம் ஆண்டில் அவன் போரில் பிடிபட்டுச் சிறையில் மாண்டான். தலைவன் இன்றி நின்ற மக்கள், தங்களைக் காக்கவல்ல ஒருவனை நாடினர்.

அப்பொழுது முன்வந்தவன் மாஸ்டினோ தெல்லா ஸ்காலா. ஸ்காலா குடும்பத்தார் பழம்பெரும் பிரபுக்கள் அல்லர். பரந்த நிலங்களோ மலைக்கோட்டைகளோ அவர்கட்கு இல்லை. அவர்கள் நகரத்துக் குடிமக்கள். வணிகர் சங்கத்தின் ஆதரவே மாஸ்டினோவின் வலிமை. 1262ஆம் ஆண்டில் ‘மக்கள் தலைவன்’ என்னும் பதவிக்கு அவன் தேர்ந்தெடுக்கப்பட்டான். ‘ஸ்காலா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு ஏணி என்பது பொருள். அக்குடும்பத்தின் சின்னமும் ஏணியே. அவ்வேணியின் முதற்படி மக்களின் நம்பிக்கையாக அமைந்தது.

1277ஆம் ஆண்டில் பகைவர் சிலர் சதி செய்து மாஸ்டினோவைக் கொன்றனர். அத்துடன் அக்குடும்பத்தின் ஆட்சி அழிந்துவிடும் என்று அவர்கள் எண்ணினர் போலும்! ஆனால், நகர மக்கள் அவன் தம்பி ஆல்பெர்ட்டோவை உடனே தலைவனாக்கினர். அப்பதவியை அவனுடைய வாழ்நாள் முழுமைக்கும் அளித்தனர். நகரச் சட்டங்களை மாற்றும் உரிமையையும் அவனிடம் ஒப்படைத்தனர். அதுவரை தேர்தலால் வந்த பதவி, இதன்பின் தந்தையிடமிருந்து மைந்தர்க்குச் செல்லும் அரசுரிமை ஆயிற்று. அமைதியை விரும்பிய மக்கள், தம் உரிமையையே அதற்கு விலையாகக் கொடுத்தனர். ஆல்பெர்ட்டோவும் தன்னை உயர்த்தியவர்களை மறந்தானில்லை. வணிகர் சங்கத்திற்கென அவன் 1301ஆம் ஆண்டில் எழுப்பிய மாளிகை நகரச் சந்தைச் சதுக்கத்தில் இன்றும் நிற்கின்றது. அவ்வாண்டிலேயே அவன் மறைந்தான்.

ஆல்பெர்ட்டோவின் மைந்தர் மூவர் ஒருவர் பின் ஒருவராக ஆட்சி புரிந்தனர். அவர்களுள் இளையவனான கான்கிராண்டேயே அக்குலத்தின் விளக்கு எனத்தக்கவன். அப்பெயருக்குப் ‘பெரிய நாய்’ என்பது பொருள். நாயின் பெயர் அக்காலத்து வீரர்க்கு இழிவன்று. காவலுக்கும் அஞ்சாமைக்கும் அது அடையாளமாயிற்று. 1311ஆம் ஆண்டில் தன் இருபதாம் வயதில் தனியாட்சி பெற்ற அவன், அவ்வாண்டிலேயே பேரரசரின் பதிலாளன் என்னும் பட்டமும் பெற்றான். விசென்சா நகரம் அவன் கைக்கு வந்தது. பதுவா நகரத்துடன் அவன் நெடுங்காலம் போரிட்டான். 1320ஆம் ஆண்டில் அந்நகர் வாயிலில் தோற்றுக் காயத்துடன் திரும்பினான். எனினும் ஊக்கம் குன்றவில்லை. 1328ஆம் ஆண்டில் பதுவா பணிந்தது. மறு ஆண்டு ஜூலைத் திங்களில் திரெவிசோ நகரமும் பணிந்தது.

வாளால் மட்டும் அவன் புகழ் பெற்றவன் அல்லன். நாடு இழந்தோர்க்கு அவன் அரண்மனை திறந்த வீடாக இருந்தது. பிளாரன்ஸ் நகரினின்று 1302ஆம் ஆண்டில் நாடுகடத்தப்பட்ட பெருங்கவிஞர் தாந்தே, முதலில் கான்கிராண்டேயின் தமையனிடத்தும், பின்னர் அவனிடத்தும் புகலிடம் பெற்றார். தம் பெருங்காப்பியத்தின் வீட்டுலகப் பகுதியில் அக்குடும்பத்தின் விருந்தோம்பலை அவர் புகழ்ந்து பாடினார். கான்கிராண்டே வென்ற நகரங்கள் பின்னாளில் கைவிட்டுப் போயின. கவிஞர் தந்த புகழோ போகவில்லை.

திரெவிசோவிற்குள் வெற்றியுடன் நுழைந்த சில நாள்களிலேயே, 1329ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாளில் கான்கிராண்டே இறந்தான். அவனுக்கு வயது முப்பத்தெட்டே. நோயால் இறந்தான் என்றனர் சிலர். நஞ்சால் இறந்தான் என்றனர் சிலர். 2004ஆம் ஆண்டில் அவனது கல்லறை திறக்கப்பட்டது. வாடி உலர்ந்திருந்த உடலை அறிஞர் ஆராய்ந்தபோது, இதயத்தைத் தாக்கவல்ல ஒரு செடியின் நஞ்சு அதில் மிகுதியாகக் காணப்பட்டது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் மறைந்து கிடந்த செய்தி இவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும், நஞ்சிட்டவர் யார் என்பது இன்றும் தெளிவாகவில்லை.

கான்கிராண்டேக்குப் பின் அவன் தமையன் மகன் இரண்டாம் மாஸ்டினோ ஆட்சிக்கு வந்தான். பிரேஷியா, பார்மா, லூக்கா ஆகிய நகரங்களையும் சேர்த்து ஆட்சியை மேலும் விரித்தான். அளவு கடந்த வளர்ச்சி அண்டை நாட்டார்க்கு அச்சம் தந்தது. வெனிசும் பிளாரன்சும் கைகோத்து 1336ஆம் ஆண்டில் அவன்மேல் போர் தொடுத்தன. 1339ஆம் ஆண்டில் அமைதி ஏற்பட்டபோது பதுவாவும் திரெவிசோவும் அவன் கையை விட்டு நீங்கின.

புறப்பகை பறித்தது சில நகரங்களையே. குலத்தை வேரறுத்தது உட்பகையே. மாஸ்டினோவின் மகன் இரண்டாம் கான்கிராண்டே, ஆற்றங்கரையில் பெருங்கோட்டை ஒன்றையும், அதனையொட்டி ஒரு பாலத்தையும் கட்டினான். மக்கள் கிளர்ந்தெழின் அப்பாலத்தின் வழியே தப்பிச் செல்லலாம் என்பது அவன் கருத்து. மக்களின் நம்பிக்கையால் உயர்ந்த குடும்பம் மக்களுக்கே அஞ்சிக் கோட்டை கட்டும் நிலைக்கு வந்துவிட்டது! ஆனால், அவனுக்கு முடிவு மக்களால் வரவில்லை. 1359ஆம் ஆண்டில் உடன்பிறந்த தம்பி கான்சிஞோரியோவே அவனைக் கொன்றான். அத்தம்பி 1375ஆம் ஆண்டில் தான் இறக்கும் தறுவாயில், தன் மைந்தர்க்கு அரசு கிடைத்தற்பொருட்டு, சிறையில் இருந்த மற்றொரு தம்பியையும் கொல்வித்தான். அம்மைந்தர் இருவருள் மூத்தவன் 1381ஆம் ஆண்டில் கொலையுண்டான். இளையவனான அந்தோனியோ தனியரசன் ஆனான். 1387ஆம் ஆண்டில் மிலான் நகரத்து விஸ்கோந்தியின் படை வந்தபோது, அந்தோனியோ இரவோடிரவாக நகரைவிட்டு ஓடினான். நூற்றிருபத்தைந்து ஆண்டு ஆட்சி அன்றே முடிவுற்றது.

இன்று வெரோனாவிற்குச் செல்வோர், சிறிய கோயில் ஒன்றின் அருகே அக்குலத்தாரின் கல்லறைகளைக் காணலாம். அவற்றைச் சுற்றியுள்ள இரும்பு வேலியில் எங்கும் சிறு சிறு ஏணி வடிவங்கள் அமைந்துள்ளன. ஆற்றுப்பாலம் 1945ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போரின் முடிவில், பின்வாங்கிய ஜெர்மானியப் படையால் தகர்க்கப்பட்டது. நகர மக்கள் அதனை முன்போலவே மீண்டும் கட்டினர். தம்மிடம் அச்சம் கொண்டு மன்னன் கட்டிய பாலத்தை மக்களே போற்றிக் காத்தனர்.

பிறர் தாங்கிப் பிடிக்கும்வரையே ஏணி ஒருவனை உயரத்தில் நிறுத்தும். வணிகரும் குடிமக்களும் தாங்கிய காலத்தில் ஸ்காலா குடும்பத்தார் உயர்ந்தனர். உடன்பிறந்தாரே ஒருவரையொருவர் தள்ளிய காலத்தில் வீழ்ந்தனர். ஏறிய படிகளை மறவாதிருத்தலே உயர்ந்தோர்க்குக் காவல் என்பதனை அவர்தம் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.