டோக்கியோ டிஸ்னி பூங்காக்களுக்கு எத்தனை நாள் ஒதுக்குவது?

ஜப்பான் பிரயாணத்துக்குத் திட்டமிடுகிற குடும்பங்கள் கியோட்டோவின் கோயில்களுக்கும் ஃபூஜி மலைக்கும் ஹிரோஷிமாவுக்கும் நாட்களைப் பங்கிட்டுக் கொடுத்த பிறகு, குழந்தைகளின் முகத்தைப் பார்த்து, எஞ்சிய ஒரு பிற்பகலை டிஸ்னி பூங்காவுக்கென்று குறித்துவைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பிற்பகல் பெரும்பாலும் வரிசையில் நிற்பதிலேயே கழிந்துவிடுகிறது. இதற்கு மாறாக, யாரோ சொன்னார்கள் என்று நான்கு நாட்களை ஒதுக்கி, மூன்றாம் நாள் காலையிலேயே குழந்தைகள் களைத்துப்போய் விடுதி அறையை விட்டு நகர மறுப்பதைப் பார்த்து மனம் சோர்பவர்களும் உண்டு. இதை நாட்கணக்காக அல்லாமல் மணிக்கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான், உடன்வருவோரின் வயதுக்கும் ஆசைக்கும் செல்லும் தேதிக்கும் பொருந்திய விடை கிடைக்கும்.

டோக்கியோவுக்குக் கிழக்கே, சீபா மாநிலத்து உராயாசு நகரில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் இரண்டு பூங்காக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 1983 ஏப்ரல் 15 அன்று திறந்த டோக்கியோ டிஸ்னிலாண்டு, அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் டிஸ்னி பூங்கா. 2001 செப்டம்பர் 4 அன்று திறந்த டிஸ்னிஸீ, துறைமுகங்களையும் கடல் யாத்திரைகளையும் பொருளாகக் கொண்டது, அதற்கு நிகரான பூங்கா உலகில் வேறெங்கும் இல்லை. சாதாரண ஒருநாள் டிக்கெட் இவற்றுள் ஒன்றுக்கு மாத்திரமே செல்லுபடியாகும். ஆகையால் எந்தப் பூங்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் டிஸ்னிலாண்டு. பெரியவர்கள் மட்டும் ஒரே நாள் செல்வதானால் சந்தேகமின்றி டிஸ்னிஸீ.

அடுத்தது தேதி. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறையையும், ஆகஸ்டு மத்தியில் வரும் ஓபோன் பண்டிகைக் காலத்தையும், மார்ச் இறுதியின் பள்ளி விடுமுறையையும், எல்லாச் சனி ஞாயிறுகளையும் தவிருங்கள். இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பெரியவர்களுக்கான டிக்கெட்டின் விலை தேதிக்குத் தேதி வேறுபட்டு, 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை செல்கிறது. கூட்டம் மிகும் என்று பூங்காவை நடத்துகிறவர்களே எதிர்பார்க்கும் நாளுக்குத்தான் விலை அதிகம். எனவே விலைப்பட்டியலில் மலிவான நாளைத் தேர்ந்தெடுப்பவர், பணத்தோடு காலத்தையும் மிச்சப்படுத்துகிறார். விற்பனை இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

இனி எல்லோரும் இடறுகிற இடத்துக்கு வருவோம். பூங்கா காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறது என்றால், தமக்குப் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்றும், ஒரு சவாரி ஐந்து நிமிஷந்தானே என்றும் எண்ணி, இருபது சவாரிகளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டிலிருந்து இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணியையும், அணிவகுப்பையும் இரவுக் காட்சியையும் இடம்பிடித்து உட்கார்ந்து பார்க்க ஒன்றரை மணியையும், கழிவறை, கடை, குழந்தையின் சிணுங்கல், நிழலில் சற்று உட்காருதல் ஆகியவற்றுக்கு ஒன்றரை மணியையும் கழித்துவிட்டால், மிஞ்சுவது ஏழு மணி நேரமே. பெரிய சவாரி ஒன்றுக்குக் கூட்டமில்லாத வாரநாளிலும் நடையும் காத்திருப்பும் சவாரியுமாக ஒன்றரை மணி என்று வையுங்கள். சிறியதற்கு முக்கால் மணி. ஆக, ஒரு நாளில் மூன்று பெரியவை, மூன்று சிறியவை: இதுவே நியாயமான அளவு. கதவு திறக்கும் முன்பே வந்து நின்று, முதல் ஒரு மணி நேரத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவோருக்கு இன்னும் ஒரு பெரிய சவாரி கூடுதலாகக் கிடைக்கலாம்.

ஆகவே குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே, மூன்றுக்கு மேற்படாமல், தாம் விட்டுவிட முடியாதவற்றை எழுதட்டும். டிஸ்னிஸீயில் பூமியின் மையத்துக்குச் செல்லும் சவாரி, 'ஸோரிங்', 'டாய் ஸ்டோரி மேனியா', 2024 ஜூனில் திறந்த 'ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ்' பகுதியின் சவாரிகள். டிஸ்னிலாண்டில் 'பியூட்டி அண்டு த பீஸ்ட்', தண்டவாளமே இல்லாமல் ஓடும் பூ கரடியின் தேன்வேட்டை. இப்படிப் பெயர்கள் வரும். எல்லாப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து, பொதுவானவற்றை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். ஒரே பூங்காவில் பெரிய சவாரிகள் நான்குக்குள் அடங்கினால் ஒரு நாள் போதும். ஆறை எட்டினால்தான் அந்தப் பூங்காவுக்கு இரண்டாம் நாளைப் பற்றி யோசிக்க வேண்டும். ஐந்தில் நின்றால், ஒன்றை விட்டுக்கொடுக்கும்படி வீட்டில் பேசித் தீர்ப்பதே உத்தமம். குழந்தையின் உயரத்தையும் வீட்டிலேயே அளந்துவிடுங்கள்: டிஸ்னிலாண்டின் 'பிக் தண்டர் மௌண்டன்' சவாரிக்கு 102 சென்டிமீட்டரும், பூமியின் மையத்துக்குச் செல்ல 117 சென்டிமீட்டரும் வேண்டும். அங்கே போன பிறகு திருப்பியனுப்பப்படும் குழந்தையின் அழுகை அரை நாளை விழுங்கிவிடும்.

காத்திருப்பு உண்மையில் எவ்வளவு என்பதை ஊகிக்கவே வேண்டாம். பூங்காவின் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு, நீங்கள் செல்லவிருக்கும் அதே கிழமையில், சில வாரங்களுக்கு முன்பிருந்தே, ஜப்பானின் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் ஒவ்வொரு சவாரிக்கும் காட்டும் நேரத்தைக் குறித்து வாருங்கள். இந்தியாவில் அது காலை 6.30, 10.30. இந்தச் சிறு சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல், பிறகு கூட்டத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

கட்டணம் செலுத்தி வரிசையைத் தவிர்க்கும் 'பிரீமியர் ஆக்ஸெஸ்' என்ற வசதி, சில சவாரிகளுக்கு, உள்ளே நுழைந்த பிறகு செயலியில் கிடைக்கும். ஆளுக்கு 1,500 முதல் 2,500 யென் வரை ஆகும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 9,600 யென் கொடுத்திருந்தால் ஒரு மணியின் விலை 800 யென். ஆகவே இரண்டரை மணிக்கு மேல் நிற்கவேண்டிய சவாரிக்கு 2,000 யென் தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு மணிக்குக் குறைந்ததற்குக் கொடுப்பது வீண். மூன்றாவது நாள் ஒன்றைச் சேர்ப்பதைக் காட்டிலும், முதல் நாளில் இப்படி இரண்டை வாங்குவது மலிவு.

மாலையில் நுழையும் சலுகை டிக்கெட்டும் உண்டு. வாரநாட்களில் 5 மணிக்கு மேல் அனுமதிக்கும். முதன்முறை செல்வோர் அதை வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு முழுநாள் சென்றுவந்து, இரவு விளக்குகளை மட்டும் நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கே அது உகந்தது.

இரண்டு பூங்காக்களுக்கும் செல்வதானால், அடுத்தடுத்த நாட்களில் வைக்காதீர்கள். இடையில் ஒரு நாள், டோக்கியோவில் அருங்காட்சியகம், தோட்டம், நல்ல தூக்கம் என்று கழியட்டும். வந்து இறங்கிய மறுநாளும் கூடாது: ஜப்பானிய நேரம் நம்முடையதைக் காட்டிலும் மூன்றரை மணி முந்தியது, காலை 7 மணிக்குப் புறப்பட எழுப்பப்படும் குழந்தையின் உடலுக்கு அது அதிகாலை 3.30. அமெரிக்காவிலிருந்து வரும் நம்மவர்க்கோ நிலைமை வேறு. அவர்கள் விடியுமுன்பே தாமாக விழித்துக்கொள்வார்கள், ஆனால் அந்தி சாய்ந்ததும் கண்கள் செருகும் என்பதால் இரவுக் காட்சியைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது விவேகம்.

சைவ உணவுக்காரர்கள் எந்த உணவகம் என்பதை முன்னதாகவே விசாரித்து வையுங்கள். ஜப்பானியக் குழம்புகளில் மீன் சாறு கலந்திருப்பது சர்வ சாதாரணம். கட்டுச்சாதம் கொண்டுவந்தால் வாயிலுக்கு வெளியே சாப்பிடுவதற்கென்றே இடம் இருக்கிறது, வெளியே போய்த் திரும்ப நுழையவும் அனுமதியுண்டு. ஆனால் அதற்கு ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ரயில். பூங்காக்களுக்கு அருகிலுள்ள மைஹாமா நிலையத்துக்கு டோக்கியோ நிலையத்திலிருந்து கேயோ ரயிலில் கால் மணிப் பயணந்தான். ஆயினும் அந்த ரயிலின் நடைமேடை, டோக்கியோ நிலையத்தின் மற்றப் பாதைகளிலிருந்து வெகுதூரம் தள்ளி, பூமிக்கடியில் இருக்கிறது. நடைக்கு மட்டும் இருபது நிமிஷம் சேருங்கள். பூங்கா மூடுகிற வேளையில் எல்லோரும் ஒருசேரக் கிளம்புவதால், உறங்கும் குழந்தையைத் தோளில் சுமப்பவர்கள் அரை மணி முன்னதாகவே புறப்பட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில் விமானத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.