நெயில் ஆர்ட் பயிற்சி: பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்



ஆறு மாதத்துக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் கலந்து கொண்டேன். ஒரு உறுப்பினர் தன் மகளின் நெயில் ஆர்ட் பயிற்சிக்காக 30,000 ரூபாய் உள்கடன் கேட்டார். கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். "குறுகிய காலத்தில் நெயில் டெக்னீஷியன், வேலை உறுதி" என்று அதில் அச்சடித்திருந்தது.

அப்போது பக்கத்தில் இருந்த இன்னொரு உறுப்பினர் மெதுவாகச் சொன்னார்: "நானும் இப்படித்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பணம் கட்டினேன். ஆறு நாள் வகுப்பு. பிளாஸ்டிக் கையிலதான் போடச் சொன்னாங்க. ஒரு நிஜக் கையைக்கூட நான் தொடலை. சர்டிபிகேட் பீரோவுல இருக்கு. கடன் இப்பத்தான் முடிஞ்சுது."

அந்த அக்கா சொன்னதுதான் இந்த மாதப் பாடம். சர்டிபிகேட் சம்பாதித்துத் தராது, பழகிய கைதான் சம்பாதித்துத் தரும். எனவே பணம் கட்டும் முன் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எந்த வேலையைக் கற்றுத் தருகிறார்கள்?

நக வேலை என்றால் ஒரே வேலை அல்ல. மேனிக்யூர், பெடிக்யூர் என்பது கை, கால் நகங்களைச் சுத்தம் செய்து பராமரிப்பது. ஜெல் பாலிஷ் என்பது விளக்கு வெளிச்சத்தில் இறுக வைக்கும் பூச்சு. எக்ஸ்டென்ஷன் என்பது அக்ரிலிக் அல்லது ஜெல் கொண்டு நகத்தை நீட்டுவது. கோவை, சென்னை போன்ற நகரங்களில் நகத்துக்கென்றே தனிக் கடைகள் உண்டு. நம்ம பக்கத்துச் சிறிய ஊர்களில் நகத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். மணப்பெண் அலங்காரம், மெஹந்தி, பேஷியல் இவற்றோடு சேர்த்துச் செய்தால்தான் கட்டுப்படியாகும். முகூர்த்த மாதங்களில் வேலை வரும், ஆடியிலும் மார்கழியிலும் வராது. இதையும் யோசிக்க வேண்டும்.

2. எத்தனை நிஜக் கைகளில் பழகலாம்?

எத்தனை நாள் என்று கேட்பதைவிட, எத்தனை பேருக்குச் செய்து பார்க்கலாம் என்று கேளுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவிகள், பொருட்களைப் பங்கு போட வேண்டுமா என்றும் விசாரியுங்கள். போடுவதைப் போலவே கழற்றுவதும் முக்கியமான வேலை. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அதனால் எக்ஸ்டென்ஷன் போட்டவர் இரண்டு, மூன்று வாரத்தில் அடிப்பக்கம் நிரப்ப வருவார். பழையதைப் பிய்த்து எடுத்தால் சொந்த நகமும் ஏடு ஏடாக உரிந்து வந்துவிடும். நிரப்புவதும் கழற்றுவதும் பாடத்தில் இல்லையென்றால் அந்தப் பயிற்சி அரைகுறைதான்.

3. உடம்புக்குப் பாதுகாப்பு சொல்லித் தருகிறார்களா?

இதைத்தான் பலரும் கேட்பதில்லை. ஜெல்லும் அக்ரிலிக்கும் இறுகுவதற்கு முன் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அலர்ஜி வரலாம். விரல் அரிக்கும், தோல் வெடிக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், தொழிலையே விட வேண்டி வரும். விளக்கு அந்த ஜெல்லுக்குப் பொருந்தாவிட்டால் மேலே இறுகி, உள்ளே இறுகாமல் நின்றுவிடும். அதுவும் ஆபத்து. மலிவான அக்ரிலிக் திரவங்களில் எம்.எம்.ஏ. எனும் மெத்தில் மெதாக்ரிலேட் கலந்திருக்கலாம். நகத்தைப் பாதித்ததாகப் புகார்கள் வந்ததால், நூறு சதவீத எம்.எம்.ஏ. பொருட்களை அமெரிக்க அரசு 1970களிலேயே சந்தையிலிருந்து அகற்றியது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லித் தராத இடம் வேண்டாம்.

வகுப்பறையைப் போய்ப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா? மாஸ்க், கையுறை தருகிறார்களா? அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்திருக்கிறார்களா? ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியைக் கழுவி, கிருமிநீக்கம் செய்த பிறகுதான் அடுத்தவருக்கு எடுக்கிறார்களா? சர்க்கரை நோய் உள்ளவரின் காலில் சின்ன வெட்டு பட்டாலும் பெரிய புண்ணாகிவிடும். அதைப் பற்றிப் பாடம் இருக்கிறதா?

4. சர்டிபிகேட் யாருடையது?

"அரசு அங்கீகாரம்" என்று போர்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்தத் திட்டம், என்ன நிலை, தேர்வு நடத்துவது யார் என்று கேளுங்கள். 2013-ல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் வரும் பயிற்சி என்றால், அதற்கு ஒரு நிலை எண் இருக்கும். "ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது" என்றால் அது அந்த நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான சான்று, உங்கள் திறமைக்கு அல்ல. "வேலை உறுதி" என்றால், ஏற்கனவே படித்த மூன்று பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். தயங்கினால் புரிந்து கொள்ளுங்கள்.

5. கணக்கு ஒத்து வருமா?

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். கட்டணம் 20,000, கிட் 10,000, ஆகக் கடன் 30,000 ரூபாய். 24 நாள் வகுப்புக்குப் பஸ் செலவு தினம் 60 வீதம் 1,440. இழந்த கூலி தினம் 300 வீதம் 7,200. மொத்தம் 38,640 ரூபாய்.

கடனை 20 மாதத்தில், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கட்டினால், முதல் மாதத் தவணை அசல் 1,500, வட்டி 300, ஆக 1,800. ஒரு ஜெல் பாலிஷுக்கு 300 வாங்கி, பொருள் செலவு 60 போனால் மிச்சம் 240. அப்படியானால் தவணைக்கு மட்டுமே மாதம் 8 பேர் வர வேண்டும். உங்க ஊரில் ஆடி மாதத்தில் 8 பேர் வருவார்களா? நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள்.

இலவச வழியும் உண்டு

முன்னோடி வங்கிகள் மாவட்டங்களில் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் (ஆர்செட்டி) கிராமப்புற இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இலவசப் பயிற்சி உண்டு. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். அங்கு நடக்கும் அழகுக்கலைப் பயிற்சியில் மேனிக்யூர், பெடிக்யூரும் ஒரு பகுதி. முடித்த பிறகு தொழில் தொடங்கவும், வங்கிக் கடன் பெறவும் வழிகாட்டுவார்கள். அடுத்த பயிற்சி எப்போது என்று உங்கள் வங்கிக் கிளையிலோ மகளிர் திட்ட அலுவலகத்திலோ கேட்கலாம்.

அன்று குழு என்ன முடிவு எடுத்தது? கடனை மறுக்கவில்லை, ஒரு மாதம் தள்ளி வைத்தது. மகளை ஐந்து கேள்வியோடு இரண்டு இடங்களுக்கு அனுப்பியது. ஒரு இடத்தில் வகுப்பறையைக் காட்டவே மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண் முதலில் இலவச அழகுக்கலைப் பயிற்சியை முடித்தாள். பிறகு ஜெல் பாலிஷுக்கு மட்டும் தனி வகுப்பு சேர்ந்தாள். கடைசியில் குழு கொடுத்த கடன் 12,000 தான். பழகுவதற்கு முதலில் கை நீட்டியவர், பீரோவில் சர்டிபிகேட் வைத்திருக்கும் அதே அக்கா.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

• நம் குழுவில் பயிற்சிக்குக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அதில் அந்தத் தொழிலை இன்று செய்பவர்கள் எத்தனை பேர்?
• பயிற்சிக் கடன் தரும் முன் இரண்டு உறுப்பினர்கள் போய்ப் பயிற்சி மையத்தைப் பார்த்து வரலாமா?
• புதிதாகத் தொழில் கற்பவர் பழக, நாம் கை நீட்டத் தயாரா?

உங்கள் குழு எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

- களப்பணி ஒருங்கிணைப்பாளர்