போட்டோவிலிருந்து அரூப ஓவியம்: எதை விடுவது, எதை வைப்பது?

கைப்பேசியில் இருக்கிற போட்டோவிலிருந்து அரூப ஓவியம் செய்வது எப்படின்னு இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

அரூப ஓவியம்னா "ஒண்ணும் புரியாத கிறுக்கல்"னு பலர் ஒதுங்கிடுவாங்க. ஆனா நமக்கு இது புதுசு இல்லை. சிவலிங்கத்தை அருவுருவம் என்கிறோம். அதில் முகமோ கை காலோ கிடையாது. இருந்தாலும் யாரை வணங்குகிறோம்னு நமக்குத் தெரியும். விவரத்தைக் குறைக்கலாம், சாரத்தை விடக்கூடாது. அரூபத்தின் அடிப்படை இதுதான்.

கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இதைத்தான் செய்தார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம், எழுத்து, கணக்குக் குறி எல்லாம் வரும். எழுத்தை வாசிக்க முடியாது. ஆனா பார்த்ததும் பழைய ஜாதக ஓலை நினைவுக்கு வரும். 1966இல் சென்னை அருகே சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவர்தான்.

கோலமும் இப்படித்தான். அதற்குள்ளே இருக்கும் ஒழுங்கை இலக்கண விதிகளாக எழுதி, 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கணினி ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாங்க.

கணினிக்குப் போட்டோ என்பது புள்ளிக் கட்டம். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் சுமார் 1.67 கோடி நிறங்கள். இதைக் குறைப்பதுதான் நம்ம வேலை.

செய்முறை

1. படம் எடுங்க. செங்காங்கில் இருந்தா, பொங்கோல் நீர்த்தேக்கத்தின் மிதக்கும் ஈரநிலத்துக்குக் காலையில் போங்க. நாணலும் நீரில் அதன் நிழலும் கிடைக்கும். தேக்கா பக்கம் போனா பூக்கடை மல்லிகைச் சரம்.

2. கணினியைத் திறக்கும் முன், "இந்தப் படத்தில் எது போகவே கூடாது?"ன்னு ஒரே வரி எழுதி வைங்க. மல்லிகைச் சரத்தில் வெள்ளைப் பூவும் நாரின் முடிச்சும் மாறி மாறி வரும் தாளம். கோபுரத்தில் மேலே போகப் போகக் குறுகும் அடுக்கு.

3. 'கிம்ப்' இலவச மென்பொருள். அதில் 'போஸ்டரைஸ்' கருவியில் நிலையை 3 என வைங்க. மூன்று வண்ணத்துக்கும் மூன்று மூன்று நிலை. 3×3×3, அதிகபட்சம் 27 நிறம்தான் மிஞ்சும்.

4. சதுரமாக வெட்டி, நான்கு பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் 90 பாகை கூடுதலாகத் திருப்பி ஒட்டுங்க. சரம் கோலம் மாதிரி சுழலும்.

இங்கே கவனம் வேணும். இதே நான்காம் படியைக் கோபுரத்துக்குச் செய்தா, கோபுரம் தலைகீழாகவும் நிற்கும். வானத்தை நோக்கி எழும் உணர்வு போயிடும். அதுக்குச் சுழற்சி வேண்டாம். இருநிற நிழலுருவமே போதும். எல்லாப் படத்துக்கும் ஒரே ஃபில்டரைப் போட்டா அழகு வரலாம். ஆனா எதை வைக்கணும்னு ஃபில்டருக்குத் தெரியாது. அதைப் பொருளை அறிந்த நாம்தான் முடிவு செய்யணும்.

கோயிலில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்க. கும்பிடுகிறவர் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீங்க. சுவாமி உருவத்தை வெட்டிக் கலைக்க வேண்டாம். தூண், விளக்கு, வாழைத்தோரணம் இதிலேயே நிறைய இருக்கு.

பயிற்சி

ஒரே போட்டோவில் மூன்று ஓவியம் செய்யுங்க, ஒவ்வொன்றிலும் விவரத்தை இன்னும் குறைத்து. தலைப்பு சொல்லாமல் வீட்டில் பாட்டியிடம் காட்டுங்க. "பூச்சரம் மாதிரி இருக்கே"ன்னு எந்த ஓவியம் வரைக்கும் சொல்றாங்களோ, சாரம் அதுவரை இருக்கு. அடுத்ததில் எது விட்டுப்போச்சுன்னு நீங்க முதலில் எழுதின வரியோடு ஒப்பிட்டுப் பாருங்க.