பஞ்சாரம் முற்றத்திலேயே இருக்கட்டும்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். போனில் அவசரத்தில் சொன்னது பாதி மறந்துபோகும் என்றுதான் இந்தக் கடிதம். இரண்டு மாதச் சிறுவிடைக் குஞ்சு நொண்டுகிறது, கூடப் பிறந்தவையே அதைக் கொத்தி விரட்டுகின்றன என்று அழாத குறையாகச் சொன்னாய். கேட்டதிலிருந்து எனக்கும் அதே நினைப்புத்தான்.

முதலில் அது காயமா, நோயா என்று பார். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகு குஞ்சை எடுத்து மடியில் வை. தலைமேல் மெல்லிய துணி போட்டால் அடங்கிவிடும். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். விரலிலிருந்து தொடங்கு. தலைமுடியோ நூலோ விரலைச் சுற்றி இறுக்கியிருக்கலாம்; பலர் கவனிப்பதே இல்லை. உள்ளங்காலில் முள் இருக்கலாம், வீங்கிக் கறுப்புப் பொருக்குக் கட்டியிருக்கலாம். பிறகு மேலே தடவிக்கொண்டே போ. சூடாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா?

காயமே இல்லாமல் ஒரு கால் முன்னேயும் ஒரு கால் பின்னேயும் நீட்டிக் கிடந்தால் மேரக்ஸ் நோயாக இருக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் வெள்ளைக் கழிச்சல் என்று சந்தேகப்படு. அப்போது மட்டும் கூட்டத்தைவிட்டுத் தூரத்தில் பிரித்து வைத்துவிட்டு, உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போ.

முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால், பஞ்சு சுற்றி, மூங்கில் சிம்பு இரண்டை அணைகொடுத்துக் கட்டலாம். இளங்கோழிக்கு மூன்று வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும். தினமும் விரலைத் தொட்டுப் பார். சில்லிட்டோ வீங்கியோ இருந்தால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்து. தொடையில் முறிவோ எலும்பு வெளியே தெரிவதோ வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது, டாக்டரிடம் கொண்டுபோ.

வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதே. டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்றுதான் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கோழிக்கும் அது நஞ்சுதான்.

இனி கொத்துவதைப் பற்றி. யார் மேலே, யார் கீழே என்ற வரிசை கோழிகளுக்குள் கொத்தித்தான் முடிவாகும். நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1921-இல் இதை ஆராய்ந்து எழுதினார். கண்ணில் படாமல் பல நாள் பிரிந்திருந்த குஞ்சு திரும்பி வந்தால் அது அவற்றுக்கு அந்நியக் கோழி. முதலிலிருந்து அடி வாங்கும். அதனால் அடுப்படியில் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாயே, அது ஓர் இரவுக்குப் போதும். காலையில் மற்றவை மேயும் முற்றத்திலேயே நிழலாகப் பார்த்துப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விடு. ஒன்றையொன்று பார்க்கட்டும், சத்தம் கேட்கட்டும். சாதுவான குஞ்சு ஒன்றைத் துணைக்குப் போடு. தீனியும் தண்ணீரும் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வைத்தால் மற்றவை இடுக்கு வழியாகக் கொத்தும்.

ரத்தச் சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தாமல் விடாது. கொத்துப்பட்ட இடத்தை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசு. ரத்தச் சிவப்பு மறையும், ஈயும் அண்டாது. ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

நேராக நடக்கத் தொடங்கிய பிறகு, இருட்டியதும் கூட்டுக்குள் மற்றவற்றோடு விடு. விடியும்போது நீ பக்கத்தில் நின்று பார். ஒன்றிரண்டு கொத்து விழத்தான் செய்யும், குறுக்கே போகாதே. மூலையில் முடக்கிக் கொத்தினால் மட்டும் தடு. தீனியை மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வை. சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் ஒளிய இடமாகும். ஒரே ஒரு முரட்டுப் பெட்டைதான் காரணம் என்றால், அதைச் சில நாள் கண்ணுக்கு மறைவாகப் பிரித்து வை. திரும்பும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும்.

இடநெருக்கடியும் புரதக் குறைவும்கூடக் கொத்தை வளர்க்கும். நொய் மட்டும் போடாமல் கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கொஞ்சம் கலந்து போடு. கரையான் கிடைத்தால் விடாதே.

கால் கோணலாகவே கூடினாலும் அதை விற்றுவிடாதே, பெட்டையானால் நன்றாக முட்டையிடும். ஆனால் கனமான சேவல் மிதித்தால் அந்தக் கால் தாங்காது, பெரிய சேவலோடு சேர்த்து விடாதே. கட்டுப் போட்டிருந்தால், அதைப் பிரிக்கும் அன்று எனக்குப் போன் செய்.

அன்புடன்,
மாமா