காசுக்கு நம்பர் போட முடியுமா?

அன்புள்ள அம்மிணிக்கு,

ஐநூறு ரூபாய் நோட்டில் நம்பர் இருக்கிற மாதிரி பிட்காயினிலும் இருக்குமா, ஒரு காசு எந்தெந்தக் கை மாறி வந்தது என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். கம்ப்யூட்டர்காரர் ஒரு பதில் சொல்வார், வக்கீல் வேறொன்று சொல்வார். நான் எக்ஸ்போர்ட் ஆபீஸில் டாக்குமெண்ட் பார்க்கிறவன். நம்பர் போடலாம், போட்டும் விட்டார்கள். அந்த நம்பரை எதிரில் நிற்கிறவன் மதிக்கிறானா என்பதுதான் பிரச்சினை.

பிட்காயின் என்று தனியாக ஒரு காசு எங்கும் கிடையாது என்பதை முதலில் மனசில் வை. இருப்பது ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் பக்கம் எழுதப்பட்டது. அதிலிருந்து சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. பக்கத்துக்குப் பெயர் பிளாக். 'இந்த முகவரிக்கு இவ்வளவு வந்தது, இன்னும் செலவாகவில்லை' என்ற வரிகள்தான் அதில் உள்ள பணம். செலவு செய்கிறவர் பழைய வரியை முழுசாக அடித்துவிட்டுப் புது வரி எழுத வேண்டும். உன்னிடம் 3 காயின் ஒரு வரியாகவும் 2 காயின் இன்னொரு வரியாகவும் இருக்கிறது, கடைக்காரருக்கு 4 தர வேண்டும் என்று வை. இரண்டு வரியும் அடிபடும். அவருக்கு 4, மீதி 1 உனக்கே என்று இரண்டு புது வரி வரும். எந்த வரியிலிருந்து எந்த வரி பிறந்தது என்பதை உலகமே பார்க்கலாம். ஆனால் அந்த மீதி 1 பழைய மூன்றைச் சேர்ந்ததா, இரண்டைச் சேர்ந்ததா? புத்தகம் சொல்லாது.

நீ டிரெயினிங் போன யூனிட்டில் கட்டிங் டேபிளைப் பார்த்திருப்பாய். அடுக்கி வெட்டிய துணியில் ஒவ்வொரு பீஸுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் ஒரே அடுக்கிலிருந்து வந்தால்தான் ஷேடு ஒத்துப்போகும். அங்கே ஒட்டுவதற்குத் துணி இருக்கிறது. பிட்காயினில் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால், பிறந்த வரிசையையே நம்பராக எடுத்துக்கொண்டார்கள்.

இதைச் செய்தவர் கேசி ரோடார்மோர் என்ற அமெரிக்க புரோகிராமர். 2023 ஜனவரியில் 'ஆர்டினல்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். ஒரு பிட்காயினில் பத்துக் கோடி சடோஷி உண்டு. முதல் பிளாக்கில் பிறந்த 50 பிட்காயினுக்கு 0-வில் தொடங்கி 499,99,99,999 வரை நம்பர். அடுத்த பிளாக் 500 கோடியில் தொடங்கும். கை மாறும்போது என்ன கணக்கு என்றால், முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போகும். மேலே சொன்ன கணக்கில், 3 காயின் வரி முதலில் நிற்கிறது என்றால், அந்த மூன்றும் இரண்டாவது வரியின் முதல் காயினும் கடைக்காரருக்கு. கடைசிக் காயின் உனக்கு. வரிசையின் கடைசியில் மிஞ்சும் சடோஷிகள் கட்டணமாக, அந்த பிளாக்கை எழுதிய மைனருக்குப் போகும்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிட்காயின் மென்பொருளுக்கு இந்த நம்பர் எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் தனியாக ஒரு புரோகிராம் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். மைனருக்குக் கூலியாக ஒவ்வொரு பிளாக்கிலும் பிறக்கும் புதுக் காசு நாலாவது முறையாகப் பாதியானது 2024 ஏப்ரலில், 8,40,000-ஆவது பிளாக்கில். அதில் பிறந்த முதல் சடோஷியை, அந்த பிளாக்கை எழுதிய வயாபிடிசி என்ற மைனிங் குழு ஏலம் விட்டது, 33.3 பிட்காயினுக்குப் போனது. அதாவது ஒரு சடோஷியின் விலை 333 கோடி சடோஷி! இதே சடோஷி விவரம் தெரியாத ஒரு வாலட்டில் இருந்தால், யாருக்கோ கட்டணமாகப் போய்விடும். நெட்வொர்க் ஒரு வார்த்தை கேட்காது. எல்லாவற்றிலும் அபூர்வமான பூஜ்ய நம்பர் சடோஷி இருக்கிறதே, அதை யாராலும் அசைக்கவே முடியாது. முதல் பிளாக்கின் 50 பிட்காயின் செலவழிக்க முடியாத மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. சேகரிப்பவர்களின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்; ஆனால் இதை முதலீடு என்று யாராவது விற்க வந்தால் நம்பாதே.

நம்பருக்கு உண்மையான வேலை வருவது திருட்டு நடந்த பிறகு. திருடிய 3 காயினை ஒருவன் நேர்மையான 7 காயினோடு கலந்துவிட்டான். இப்போது எது திருட்டுக் காசு? பத்தும் தீட்டு என்று ஒரு கட்சி. ஒவ்வொரு காயினிலும் முப்பது சதவீதம் தீட்டு என்று இன்னொரு கட்சி. 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் மூன்றாவது வழியைக் காட்டினார்கள்: முதலில் வந்தது முதலில் போகும். இது அவர்கள் கண்டுபிடித்த விதி இல்லை. இங்கிலாந்தில் 1816-இல், பங்குதாரர் ஒருவர் இறந்த பிறகு திவாலான வங்கியின் வழக்கில் நீதிபதி வில்லியம் கிராண்ட் வகுத்தது. கிளேட்டன் வழக்கு என்று சட்டப் புத்தகத்தில் இருக்கும். இருநூறு வருஷத்து வங்கி விதிதான் ரோடார்மோரின் கணக்கிலும் ஓடுகிறது.

அதற்கும் முந்தைய ஒரு வழக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் கிராஃபர்ட் என்பவர் 1748-இல் இரண்டு இருபது பவுண்டு நோட்டைத் தபாலில் அனுப்பினார். ஜாக்கிரதையான ஆள்; நம்பரைக் குறித்துக்கொண்டு நோட்டில் கையெழுத்தும் போட்டிருந்தார். கவர் போய்ச் சேரவில்லை. பிற்பாடு ஒரு நோட்டு ராயல் வங்கியில் வந்து நின்றது. அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அவரிடம் எல்லாம் இருந்தது. இருந்தும் 1749-இல் கோர்ட் தரவில்லை. நேர்மையாக வாங்கியவரிடமிருந்து நோட்டைப் பிடுங்க ஆரம்பித்தால், ஒவ்வொரு நோட்டுக்கும் பூர்வீகம் விசாரித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். வியாபாரம் நின்றுவிடும் என்பது அதன் நியாயம். நம்பர் இருந்தும் அதைப் பார்க்க மறுத்ததால்தான் அது பணமாக ஓடியது.

நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் கிட்டத்தட்ட இதே கேள்வி வந்தது. வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில் 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போயின. எல்லாக் கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளரும் விகிதப்படி பகிர வேண்டும் என்பது தளத்தின் திட்டம். தீட்டை எல்லாக் காயினிலும் விகிதப்படி பரப்பும் அந்த இரண்டாவது கட்சிதான். சென்னை வாடிக்கையாளர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அவர் வாங்கி வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி காயின். களவு போனவை எத்தீரியத்தில் ஓடும் இஆர்சி-20 வகை. என் வகை காயினைத் திருடவே இல்லையே, நான் ஏன் நஷ்டம் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்று இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றும் சொன்னார். கவனி: காயினை நம்பரால் பிரிக்கவில்லை, வகையால் பிரித்தார். திருட்டு எக்ஸ்ஆர்பியிலேயே நடந்திருந்தால்? எக்ஸ்ஆர்பி புத்தகம் கணக்குக்கு எவ்வளவு இருப்பு என்றுதான் எழுதும். தனித்தனிக் காயின் அதில் இல்லை. வாதம் இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

இதையெல்லாம் நான் ஆர்வமாகப் படிப்பதற்குக் காரணம் நம்ம ஊர்த் தொழில். ஆர்கானிக் பனியன் என்று ஏற்றுமதி செய்ய, பருத்தி ஜின்னிங்கில் தொடங்கி ஸ்பின்னிங், நிட்டிங், டையிங், கார்மெண்ட் வரைக்கும் கைமாறும் இடத்திலெல்லாம் டிரான்ஸாக்ஷன் சர்டிபிகேட் வேண்டும். வேஸ்ட் போக, உள்ளே வந்த கிலோவுக்கு மேல் ஒரு கிலோ வெளியே போகக் கூடாது. 2020 அக்டோபரில், கோட்ஸ் தரச் சான்று அமைப்பு ஒரு மோசடியைக் கண்டுபிடித்து அறிவித்தது: இந்தியாவில் 20,000 டன் பருத்தி பொய்யாக ஆர்கானிக் என்று சான்று பெற்றிருக்கிறது. பதினோரு கம்பெனிகளுக்குத் தடை விழுந்தது. போலிச் சர்டிபிகேட்டில் கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசாங்கத் தளம் மாதிரியே செய்து வைத்த போலித் தளத்துக்குப் போனது! காகிதத்தில் கிலோ எல்லாம் சரியாகத்தான் கூடியது. செடியில் எடுத்த பஞ்சுக்கும் காகிதத்தில் ஏறிய முதல் எண்ணுக்கும் நடுவில்தான் பொய் நுழைந்தது.

அதற்குப் பிறகு இந்தியப் பருத்திக் கழகம் தன் பேல்களில் பிளாக்செயின் கியூஆர் கோடு போடுகிறது. எந்த ஃபேக்டரியில், எப்போது பிரஸ் செய்தது என்று பார்க்கலாம். நல்ல காரியம். ஆனால் ஸ்பின்னிங் மில்லின் புளோரூமில் பல பேல்களைப் பிரித்து வேண்டுமென்றேதான் கலக்கிறார்கள். கலந்தால்தான் நூல் ஒரே சீராக வரும். அந்த இடத்துக்குப் பிறகு பேல் நம்பரை நூலில் தேட முடியாது. எந்தெந்த பேல்கள் சேர்ந்தன என்ற பட்டியல்தான் மிஞ்சும். பிட்காயினில் இந்தத் தொல்லை பாதிதான், ஏனென்றால் அங்கே சரக்கும் கணக்கும் ஒன்றே. எந்த முகவரி எந்த மனுஷனுடையது என்று கேட்கிற இடத்தில் மறுபடியும் ஆதார், பான், பரிமாற்றத் தளத்தின் ரெக்கார்டு என்று காகிதத்துக்கே வந்துவிடுகிறோம்.

கடைசியாக உன் சொந்தக் காரியம். தளத்தின் ஆப்பில் தெரியும் காயின் பெரும்பாலும் உன் பெயரில் தனியாக நிற்பதில்லை. எல்லாருடையதும் ஒரே பொதுக் குவியலில் கிடக்கும், உனக்கு இருப்பது தளத்தின் மேல் ஒரு உரிமைதான். வாங்கிய தேதி, விலை, வந்த முகவரி மூன்றையும் நீயே ஒரு நோட்டில் எழுதி வை. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி; ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க விட மாட்டார்கள். அதே வருஷம் ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் பிடிக்கிறார்கள். உன் ஃப்ரெண்ட்ஸ் யார் என்ன சொன்னாலும், அடுத்த செமஸ்டர் ஃபீஸ் பணத்தை மட்டும் அதில் போட்டுவிடாதே, அம்மிணி.

அன்புடன்,
மாமா