கைவிடப்பட்ட சுரங்கங்களும் கனிமத் தீர்வையும்

1855 பிப்ரவரி 3 அன்று ஹவுராவிலிருந்து ராணிகஞ்சுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதை வழியே வந்த நிலக்கரி ஹவுராவின் சணல் ஆலைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் ஆற்றல் தந்தது. ராணிகஞ்சிலோ நிலத்தடியில் வெற்றிடங்கள் எஞ்சின. தனியார் பலர் முறையான வரைபடங்களின்றித் தோண்டிவிட்டு, சுரங்கங்களைக் கைவிட்டுச் சென்றனர். தாங்கி நிற்கும் கரித்தூண்கள் சிதையும்போது மேலுள்ள வீடுகளும் சாலைகளும் சரிகின்றன. காற்றுப் புகும் இடங்களில் கரி தானே தீப்பற்றுகிறது.

இதனைச் சீர்செய்யும் செலவு யாருடையது? தோண்டியோர் இன்று இல்லை. 1971 முதல் 1973 வரை சுரங்கங்கள் நாட்டுடைமையானபோது, பழைய வெற்றிடங்களின் சுமையும் பொதுத்துறையின் மீது விழுந்தது. ஆகவே, இன்று எடுக்கப்படும் ஒவ்வொரு டன் கரியின் மீதும் சிறு தொகை வசூலித்து நிதி திரட்டுவதே நடைமுறைக்கு உகந்த வழியாகும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. வெற்றிடங்களை மணலால் நிரப்பும் பணிக்கென 1939ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி மீது தீர்வை விதித்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் டன்னுக்கு 10 ரூபாய்க்கு மேற்படாத ஆயத்தீர்வைக்கு வகை செய்தது. அமெரிக்காவும் 1977இல் இவ்வழியை மேற்கொண்டது. அங்குத் திறந்தவெளிச் சுரங்கக் கரிக்கு டன்னுக்கு 35 சென்ட்டும், நிலத்தடிக் கரிக்கு 15 சென்ட்டும் கட்டணமாகத் தொடக்கத்தில் விதிக்கப்பட்டன.

ராணிகஞ்சில் அபாயப் பகுதி மக்களை வேறிடத்தில் குடியமர்த்த, 2009இல் 2,661.73 கோடி ரூபாய் மதிப்பிலான பெருந்திட்டத்திற்கு மைய அரசு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில், சுரங்கத்தை மூடும் செலவுக்கான தொகையை உற்பத்திக் காலத்திலேயே தனிக்கணக்கில் செலுத்த வேண்டுமென விதிக்கப்பட்டது. எனினும் இவ்வைப்புத்தொகை அந்தந்தச் சுரங்கத்திற்கே உரியது. உரிமையாளரற்ற பழைய குழிகளுக்கு உதவாது. அவற்றுக்குத் துணைநின்ற ஆயத்தீர்வையோ, சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017இல் நீக்கப்பட்டது. 2015இல் வகுக்கப்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் குடிநீர், கல்வி, சுகாதாரம் எனப் பல தேவைகளையும் கவனிக்க வேண்டியுள்ளது.

எனவே புதிய சுரங்கத்திற்கு முன்வைப்பு, பழைய சுரங்கத்திற்குத் தனி நிதி என இரண்டும் ஒருங்கே தேவை. கரி தீர்ந்தபின் வசூலிக்க ஏதும் இராது. உற்பத்தி நடைபெறும் காலமே நிதி சேர்க்கும் காலம்.